பாலை உறைய வைக்கும் அமிலம், தோலை நெகிழ வைக்கும் அமிலம்

கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘அசிட்’ என்றதும் நினைவுக்கு வருவது றப்பர் ஸ்டோரில் இருக்கும் கேன்தான். பிள்ளைகள் அதன் பக்கமே போகக் கூடாது. கையில் துளி பட்டாலும் ஓடிப்போய்க் கழுவ வேண்டும். அப்படிப்பட்ட தோட்டமொன்றிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகும் மகள், பார்மசியில் சின்னதாக ஒரு போத்தல் வாங்கி வருகிறாள். ‘லக்டிக் அசிட் 5 சதவீதம்’ என்று அதில் போட்டிருக்கிறது. இரவில் முகத்தில் பூச வேண்டுமாம். “அசிட்டையா மூஞ்சில பூசப்போற?” என்று அம்மா பதறுவதில் தவறே இல்லை. “தோல் மிருதுவாகும்னு சொல்றாங்கம்மா” என்று மகள் சொல்வதும் பொய்யில்லை.

இருவரும் சொல்வது எப்படிச் சரியாக இருக்க முடியும்? ஸ்டோரில் இருப்பது கடுமையான அமிலம், போத்தலில் இருப்பது மென்மையான அமிலம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. அமிலங்களின் வீரியத்தை அளக்கும் அளவுகோலில் ஸ்டோரில் உள்ள போமிக் அமிலத்துக்கும் போத்தலில் உள்ள லக்டிக் அமிலத்துக்கும் இடையே மிகச் சிறிய வித்தியாசமே உண்டு. அப்படியானால் ஒன்று தோலைப் பொசுக்குவதும் மற்றது தோலைப் பராமரிப்பதும் எதனால்? தொட்டால் எரிகிற, சட்டென்று சிவந்துபோகிற தோல் உள்ளவர்கள் தமக்கேற்ற அமிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்டோரில் நடப்பது

விடியற்காலையில் வெட்டியெடுத்த றப்பர் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு றப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். கண்ணுக்குத் தெரியாத றப்பர் துணிக்கைகள் அந்த நீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துணிக்கையையும் புரதப் போர்வை ஒன்று மூடியிருக்கிறது, அதில் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. ஒரே மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது.

அமிலத்தை ஊற்றியதும் அதிலிருந்து வெளிவரும் நேர் மின்னேற்றம் அந்தப் போர்வையின் மின்னேற்றத்தைத் தணித்துவிடுகிறது. தள்ளும் விசை போனதும் துணிக்கைகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட் ஆக்கிப் புகையில் காயப் போடுகிறார்கள்.

போமிக் அமிலம் மனிதருக்குத் தெரியவந்தது எறும்புகளால். 1671இல் ஜோன் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதைப் பெற்றார். இன்று தொழிற்சாலைகளுக்கு இது பெரும்பாலும் 85 சதவீதச் செறிவில் வருகிறது. பால் உறைய வைப்பதற்கு அதை ஏறத்தாழ 1 சதவீதமாக நீர்க்க வைக்கிறார்கள். அதாவது கேனிலிருந்து 1 லீற்றர் எடுத்தால் ஏறக்குறைய 100 லீற்றர் கரைசல் கிடைக்கும். கேனிலிருந்து நேரே தோலில் படும் அமிலம் நிமிடங்களில் புண்ணாக்கும். பெரிய காயமானால் இரத்தத்துக்குள்ளும் போய் உயிருக்கு ஆபத்தாகும். நீர்த்த கரைசல் உடனே பொசுக்காது. ஆனால் கையுறை இல்லாமல் தினமும் அதில் கை வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும்.

தோலின் மேல் என்ன இருக்கிறது

நம் உடம்பின் வெளிப்புறத்தில் இருப்பது உயிரற்ற செல்களின் படை. அறிவியலில் இதைக் கொம்புப்படை என்பார்கள். உடம்பின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. உள்ளங்கையிலும் குதிகாலிலும் மட்டும் இது பல மடங்கு தடித்திருக்கும்.

தென்னங்கிடுகால் வேய்ந்த கூரையை நினைத்துப் பாருங்கள். கிடுகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கட்டுகளால் பிணைந்து நிற்பதால்தான் மழை உள்ளே இறங்குவதில்லை. கொம்புப்படையிலும் தட்டையான செல்கள் 15 முதல் 20 அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. அவற்றை நுண்ணிய புரதக் கட்டுகள் பிணைத்து நிறுத்துகின்றன, இடைவெளியைக் கொழுப்பு நிரப்புகிறது. மேலேயுள்ள கட்டுகளைத் தோலின் சொந்த நொதிகளே ஒவ்வொன்றாக அறுத்துவிடுகின்றன. மேல் அடுக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர, கீழிருந்து புது அடுக்கு ஏறி வருகிறது. ஆரோக்கியமான இளம் தோலில் கொம்புப்படை முழுதும் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

இந்த வேலை ஒழுங்காக நடக்கத் தோல் புளிப்புத்தன்மையோடு இருக்க வேண்டும். 1928இல் ஜெர்மனியில் ஷாடே, மார்கியோனினி என்ற இருவர் தோலின் மேற்பரப்பே அமிலத்தன்மை உடையது என்று காட்டி, அதற்கு ‘அமிலப் போர்வை’ என்று பெயரிட்டார்கள். புளிப்பை அளக்கும் எண்ணுக்கு பி.எச் என்று பெயர். 7 என்றால் நடுநிலை. அதிலிருந்து ஒரு படி இறங்கும்போதெல்லாம் புளிப்பு பத்து மடங்கு கூடும். ஆரோக்கியமான தோல் 5ஐ ஒட்டி நிற்கிறது. சவர்க்காரக் கட்டியோ 9, 10 என்று எதிர்த்திசையில் நிற்கிறது. உடுப்புத் துவைக்கும் சவர்க்காரத்தால் நாளுக்குப் பலமுறை கை கழுவுகிறவர்களின் தோல், எந்த அமிலத்தையும் தொடாமலே எரிச்சல் காண்பது இதனால்தான்.

‘உணர்திறன் மிக்க தோல்’ என்று விளம்பரங்கள் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். கூரையில் எங்கோ இடைவெளி விழுந்திருக்கிறது. உள்ளே வரக் கூடாதது வருகிறது, உள்ளேயே இருக்க வேண்டிய ஈரம் வெளியேறுகிறது. அப்படிப்பட்ட தோலில் அமிலம் பூசுவது அந்த இடைவெளி வழியாக அமிலத்தை உள்ளே விடுவதுதான். ஆகவே முதலில் கூரையைச் சரிசெய்ய வேண்டும். அமிலத்தைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு.

நோயாளிகளிடமிருந்து வந்த மருந்து

அமிலத்தைத் தோலுக்கு மருந்தாக்கும் ஆய்வில் பெரிய திருப்பம் 1974இல் வந்தது. அதற்கும் அழகுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்கத் தோல் மருத்துவர் யூஜின் வான் ஸ்கொட்டும் வேதியியலாளர் ரூயி யூவும் மீன்செதிள் நோய் உள்ளவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறவியிலேயே தோல் சரியாக உதிராமல் செதில் செதிலாகத் தடித்துப்போகும் நோய் அது. பழத்திலும் புளித்த பாலிலும் கரும்பிலும் உள்ள ஒரு குடும்பத்து அமிலங்களை (பழ அமிலங்கள் என்பது இவற்றைத்தான்) பூசியபோது செதில்கள் கழன்று வந்தன. செல்களைப் பிணைக்கும் புரதக் கட்டுகள் இறுக்கமாக நிற்கக் கால்சியம் தேவை. இந்த அமிலங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுகளைத் தளர்த்துகின்றன என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று.

றப்பர் பாலில் அமிலம் பிரிந்திருப்பதைச் சேர்க்கிறது. தோலில் அமிலம் சேர்ந்திருப்பதைப் பிரிக்கிறது. பாலில் தணிய வேண்டியது துணிக்கைகளைத் தள்ளிவைக்கும் மின்னேற்றம், தோலில் தளர வேண்டியது செல்களைப் பிடித்துவைக்கும் கட்டு. ஸ்டோரிலும் சரி, முகத்திலும் சரி, அமிலம் எதைச் சந்திக்கிறது, எவ்வளவு சந்திக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

முதல் கேள்வி: மூலக்கூறு எவ்வளவு பெரியது?

அமிலத்தின் மூலக்கூறு சிறியதாக இருந்தால் கொம்புப்படைக்குள் வேகமாக இறங்கும். பெரியதாக இருந்தால் மெதுவாக இறங்கும். போமிக் அமிலத்தின் மூலக்கூற்று நிறை 46. தோலில் பூசும் அமிலங்களில் மிகச் சிறியது, கரும்பில் உள்ள கிளைக்கோலிக் அமிலம், 76. புளித்த பாலில் உள்ள லக்டிக் அமிலம் 90. கசப்பு வாதுமையிலிருந்து முதலில் கிடைத்த மண்டலிக் அமிலம் 152. குளுக்கோனோலக்டோன் 178. லக்டோபயோனிக் அமிலம் 358.

எரியும் தோலுக்கு இந்த வரிசையில் பின்னால் இருப்பவையே நல்லவை. கிளைக்கோலிக் வேகமாகப் பலன் தரும், வேகமாக எரிக்கவும் செய்யும். கடைசி இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் தன்மை உள்ளவை, மெதுவாக வேலை செய்பவை. லக்டிக் அமிலத்துக்கு வேறொரு சிறப்பு உண்டு. 1780இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்த இந்த அமிலம், நம் வியர்வையிலும் தோல் தனக்கென வைத்திருக்கும் ஈரக்கூட்டிலும் ஏற்கனவே இருக்கிறது. தோலுக்கு அது அந்நியப் பொருளல்ல.

சாலிசிலிக் அமிலம் வேறு குடும்பம். நிறை 138. இது கொழுப்பில் கரையும் என்பதால் எண்ணெய் அடைத்த மயிர்த்துளைக்குள் இறங்கும். பருவுக்கு நல்லது. வறண்டு எரியும் தோலுக்கு முதல் தெரிவாக இது இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு கட்டற்று இருக்கிறது?

இதுதான் போத்தலின் மேல் எழுதாத விஷயம். ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

நீரில் உள்ள அமிலம் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் இல்லாத முழு அமிலம், இதைக் ‘கட்டற்ற பங்கு’ என்று வைத்துக்கொள்வோம். மற்றது மின்னேற்றம் பெற்ற உப்பு வடிவம். செல்களுக்கு நடுவே இருப்பது கொழுப்பு. மின்னேற்றம் உள்ளது கொழுப்பைக் கடந்து போவது கடினம். ஆகவே உள்ளே இறங்கி வேலை செய்வதும் எரிப்பதும் பெரும்பாலும் கட்டற்ற பங்குதான்.

இரண்டு வடிவங்களும் சரிபாதியாக இருக்கும் பி.எச் ஒவ்வொரு அமிலத்துக்கும் ஒன்று உண்டு. அதைப் ‘பாதிப்புள்ளி’ எனலாம். அது எவ்வளவு தாழ்வோ அமிலம் அவ்வளவு வீரியம். போமிக் அமிலத்துக்கு அது 3.75, லக்டிக் அமிலத்துக்கு 3.86. தொடக்கத்தில் சொன்ன மிகச் சிறிய வித்தியாசம் இதுதான். பாதிப்புள்ளியிலிருந்து ஒரு படி மேலே போனால் கட்டற்ற பங்கு பதினொன்றில் ஒன்றாகக் குறையும். ஒரு படி கீழே போனால் பதினொன்றில் பத்தாகக் கூடும்.

இப்போது லக்டிக் அமிலம் உள்ள மூன்று போத்தல்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 5 சதவீதம், பி.எச் 3.9. பாதி கட்டற்றது, ஆகவே 100 கிராமில் ஏறத்தாழ 2.5 கிராம். இரண்டாவது 10 சதவீதம், பி.எச் 4.9. பதினொன்றில் ஒன்று, ஏறத்தாழ 0.9 கிராம். மூன்றாவது மீண்டும் 5 சதவீதம், ஆனால் பி.எச் 2.9. பதினொன்றில் பத்து, ஏறத்தாழ 4.5 கிராம்.

லேபிளை மட்டும் பார்த்தால் இரண்டாவது போத்தல்தான் பயமுறுத்தும். தோலோ அதைத்தான் எளிதாகத் தாங்கும். ஒரே ‘5 சதவீதம்’ என்று எழுதிய மற்ற இரண்டும் ஒன்றல்ல. மூன்றாவது, இரண்டாவதைப்போல ஐந்து மடங்கு வேகத்தோடு தோலைச் சந்திக்கிறது.

இதற்கு நடைமுறைச் சான்று ஒன்று உண்டு. வறண்டு தடித்த தோலுக்கு மருத்துவர்கள் எழுதும் அமோனியம் லக்டேட் லோஷனில் 12 சதவீத லக்டிக் அமிலம் இருக்கிறது. கேட்கவே பெரிய எண். ஆனால் அதன் பி.எச்சை அமோனியாவைக் கொண்டு 4.5க்கும் 5.5க்கும் இடையே உயர்த்தியிருக்கிறார்கள். பி.எச் 5இல் அதன் கட்டற்ற பங்கு 100 கிராமில் 1 கிராமுக்கும் குறைவு. வெட்டிய பால் வழியிலேயே உறைந்துவிடாமல் இருக்கத் தோட்டங்களில் சேர்க்கும் அதே அமோனியாதான் இங்கே அமிலத்தை அடக்கிவைக்கிறது.

ஸ்டோரில் 1 சதவீதமாக நீர்த்த போமிக் கரைசலின் பி.எச் 2ஐச் சற்றே தாண்டும். அங்கே கிட்டத்தட்ட முழு அமிலமும் கட்டற்றது, மூலக்கூறும் லக்டிக்கில் பாதி அளவுதான். அம்மாவின் பயத்துக்கும் மகளின் போத்தலுக்கும் இடையேயுள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு காரணங்களும் செறிவும் சேர்ந்து விளக்கிவிடுகின்றன. எந்த நீர்ப்பில் இருந்தாலும் போமிக் அமிலம் தோலுக்குப் பூசும் பொருளல்ல.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழம்?

1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 5 சதவீத, 12 சதவீத லக்டிக் அமிலங்களை நாளுக்கு இருமுறை மூன்று மாதம் பூசிப் பார்த்தார்கள். 5 சதவீதத்தின் பலன் மேற்தோலோடு நின்றது. 12 சதவீதம் அதற்குக் கீழேயும் மாற்றம் செய்தது. மேலே படிந்த சொரசொரப்பு நீங்க வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கமென்றால் ஆழமாகப் போக வேண்டிய தேவையே இல்லை. எரியும் தோல் உள்ளவர்கள் நாள்தோறும் பூசவும் தேவையில்லை. வாரம் ஒருமுறை தொடங்கி, தோல் ஏற்றுக்கொண்டால் இருமுறை ஆக்கலாம்.

தேசிக்காய், தயிர், வெயில்

வீட்டிலேயே தேசிக்காய் இருக்கிறதே என்று பலர் முகத்தில் தேய்க்கிறார்கள். தேசிப்புளியின் பி.எச் 2ஐ ஒட்டியது. இப்போது பார்த்த கணக்கின்படி, அதில் உள்ள சிற்றிக் அமிலத்தின் பெரும்பகுதி கட்டற்று இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து தேசிக்காயின் தோலில் உள்ள பியூரோகூமரின் என்ற பொருள். அது பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும்பி, மாதக்கணக்கில் கருந்திட்டாக நிற்கும். தயிரில் உள்ள லக்டிக் அமிலம் ஏறத்தாழ 1 சதவீதம், பி.எச் 4.5ஐ ஒட்டியது. பெரும்பாலானோருக்கு அது தீங்கு செய்யாது, பெரிய மாற்றமும் செய்யாது.

வெயில் இந்தக் கதையில் முக்கியமான பாத்திரம். பக்கத்திலிருக்கும் இரத்தினபுரி பூமத்திய ரேகைக்கு 7 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. மழை நாட்டில் வெயில் எங்கே என்று நினைக்கத் தோன்றும். முகில் விலகிய நண்பகலில் இங்கு விழும் புற ஊதாக் கதிர் உலகிலேயே கடுமையானவற்றில் சேரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மேற்கோள் காட்டும் ஆய்வில், பழ அமிலத்தை நான்கு வாரம் பூசிய தோல் வெயிலில் சிவக்கும் தன்மை 18 சதவீதம் கூடியது. நிறுத்திய ஒரு வாரத்துக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பியது. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, பால் வெட்டப் போகிறவருக்கு, கட்டட வேலைக்குப் போகிற தம்பிக்கு இந்த எண் வெறும் தகவல் அல்ல.

நம் நிறத்துத் தோலுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெள்ளைத் தோலில் எரிச்சல் சிவந்து மறையும். பழுப்புத் தோலில் எரிச்சல் போன பிறகும் அந்த இடம் கறுத்து நிற்கும். கருமையை நீக்கப் பூசிய அமிலமே, அளவு மீறினால் கருமையைக் கொண்டுவந்துவிடும். மென்மையான அமிலம் என்பது நமக்கு வெறும் சொகுசல்ல, அவசியம்.

தேர்ந்தெடுக்கும் முறை

தோல் இப்போது வெடித்தோ உரிந்தோ எரிந்தோ இருந்தால் எதையும் வாங்க வேண்டாம். நான்கு வாரம் கடுஞ்சவர்க்காரத்தை விட்டு, வாசனையில்லாத ஈரப்பூச்சு மட்டும் பூசிப் பாருங்கள். பலருக்குச் சொரசொரப்பு அதிலேயே போய்விடும்.

அதன் பிறகும் தேவைப்பட்டால் ஒரே ஓர் அமிலம். 5 சதவீதத்தைத் தாண்டாத லக்டிக், அல்லது மண்டலிக், அல்லது குளுக்கோனோலக்டோன். பி.எச் எழுதியிருந்தால் 3.5க்குக் கீழ் உள்ளதைத் தவிருங்கள். அமெரிக்காவில் வீட்டில் பூசும் பழ அமிலங்களுக்கு 1998இல் நிபுணர் குழு வைத்த வரம்பும் இதுவே, செறிவு 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பி.எச் 3.5க்குக் கீழ் இறங்கக் கூடாது. லேபிளில் எந்த எண்ணும் இல்லாத பொருள் வேண்டாம்.

முழங்கையின் உட்புறத்தில் பூசி இரண்டு நாள் பாருங்கள். முகத்தில் பூசும்போது லேசான குறுகுறுப்பு ஓரிரு நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் கழுவிவிடுங்கள். இரவில் மட்டும் பூசுங்கள், மேலே ஈரப்பூச்சு இடுங்கள், பகலில் சூரியத் தடுப்புக் கிரீமும் தலைக்குத் துணியும் வேண்டும். தேயிலைக் கிளை கீறிய இடம், அட்டை கடித்த இடம், சவரம் செய்த தோல் ஆகியவற்றில் அன்று பூச வேண்டாம்.

குதிகால் வெடிப்பு வேறு கதை. அங்கே கொம்புப்படை பல மடங்கு தடிப்பு. முகத்துக்குக் கூடாத அமோனியம் லக்டேட் 12 சதவீதமோ, யூரியா கலந்த கிரீமோ அங்கே நன்றாக வேலை செய்யும். ஆனால் இரத்தம் கசியும் வெடிப்பு முதலில் ஆற வேண்டும்.

ஒரு வாரத்தில் வெள்ளையாக்கும் என்று விற்கும் பெயரற்ற கிரீம்களை அமிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இலங்கைச் சந்தையில் கிடைத்த இத்தகைய சிலவற்றில் பாதரசம் இருப்பது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும், குழந்தையைத் தூக்கும் கை வழியாகக் குழந்தைக்கும் போகும். அதைத் தடுக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தச் சிறு டப்பா வீட்டுக்குள் வராமல் தடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஸ்டோரில் போமிக் அமிலம் மேலே பட்டால் தேசிக்காயோ சோடாவோ தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நனைந்த உடுப்பைக் கழற்றிவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அமிலம் பூசி ஒரு மாதமாகியும் தோல் நன்றாகவில்லை, அல்லது கறுக்கத் தொடங்குகிறது என்றால் வேறொரு போத்தலுக்கு மாறாமல் நிறுத்துங்கள். இரத்தினபுரி, கேகாலை அரசாங்க வைத்தியசாலைகளில் தோல் நோய்க் கிளினிக் கட்டணமின்றி நடக்கிறது. பூசியது எதுவோ அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.